டித்தோனஸைச் சில்வண்டாக்காதீர்கள்

கிரேக்கப் புராணத்தின் தேவ-மனிதக் காதல்களைத் தமிழில் சொல்லக் கிளம்புகிறவர்கள் வரிசையாக நான் விழுந்த குழியிலேயே வந்து விழுகிறார்கள். பெயர் உச்சரிப்பையெல்லாம் விட்டுவிடலாம், எழுத எழுதச் சரியாகிவிடும்.

எல்லா ஏட்டையும் ஒரே சட்டியில் கொட்டுவது

விடியலின் தேவி ஈயோஸ், டிராய் இளவரசன் டித்தோனஸைத் தூக்கிக்கொண்டு போகிறாள். தேவர்களின் அரசன் ஜீயஸிடம் அவனுக்குச் சாகாவரம் கேட்டவள் இளமையைக் கேட்க மறந்துவிடுகிறாள். சரி. அப்புறம் 'அவன் சுருங்கிச் சுருங்கிச் சில்வண்டானான்' என்று முடித்து, அடியில் 'ஹோமரியப் பாடலிலிருந்து' (ஹோமர் பெயரில் வழங்கும் பழைய கிரேக்கத் துதிப்பாட்டு) என்று போடுவார்கள். நானும் போட்டேன். சிறு நூலாக 300 பிரதி அச்சாகி வந்தபின் மூத்த வாசகர் ஒருவர் போனில், "தம்பி, அந்தப் பாட்டுல வண்டு எங்கப்பா வருது?" என்றார். வரவே இல்லை. அது வேறு ஏட்டுக் கதை. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து 300 பிரதியிலும் பிழைத்திருத்தச் சீட்டு ஒட்டினேன், விரலெல்லாம் பசை.

பாட்டில் இருப்பது இதுதான்: தலையிலும் தாடியிலும் முதல் நரை தெரிந்ததும் அவள் அவன் படுக்கைக்குப் போவதை நிறுத்துகிறாள், ஆனாலும் சோறும் அமுதமும் நல்ல துணியும் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறாள், கைகால் அசைக்க முடியாமல் போனதும் ஓர் அறையில் கிடத்திப் பளபளக்கும் கதவைச் சாத்துகிறாள். உள்ளே குரல் மட்டும் ஓயாமல் வழிந்துகொண்டிருக்கிறது.

வண்டு வந்தால்தான் என்ன என்கிறார்கள். எரிச்சலாக வருகிறது. பாட்டில் இந்தக் கதையைச் சொல்பவள் காதல் தேவி அஃப்ரோடைட்டி. ஐடா மலையில் ஆன்கைசீஸ் என்ற மனிதனோடு படுத்தெழுந்த பிறகு, இப்படி ஒரு சாகாவரத்தை உனக்கு நான் விரும்பமாட்டேன் என்று அவனிடமே சொல்கிறாள். கதவுக்குப் பின்னால் அந்தக் குரல் இருந்தால்தான் அவள் பேச்சு எடுபடும். வண்டாக்கிப் பறக்கவிட்டால் டித்தோனஸ் தப்பித்துவிடுகிறானே, அப்புறம் அவள் எதைக் காட்டி மறுப்பாள்?

'அமரன்' என்ற ஒற்றைச் சொல்

சாவாமை வேறு, மூப்படையாமலிருக்கும் மூவாமை வேறு. ஹோமரின் ஒடிஸி காவியத்தில் கலிப்சோ என்ற தேவி இரண்டையும் சேர்த்தே ஒடிசியஸுக்குத் தருவதாகச் சொல்கிறாள். இரண்டையும் 'அமரன்' என்று எழுதிவிட்டுப் போனால் ஈயோஸின் மறதி நமக்கும் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ரோமப் பெயர்

ஈயோஸில் தொடங்கி, அவளுடைய ரோமப் பெயரான அரோராவில் முடிக்காதீர்கள்.

கடத்தல்

தேவர்கள் மனிதரைத் தூக்கிக்கொண்டு போவதைக் கடத்தல் என்றே எழுதுங்கள்.

மனுஷிக்கு வாயே இல்லை என்று நினைப்பது

மார்பெஸ்ஸா என்ற மனுஷிக்காக அப்போலோ தேவனும் ஐடாஸ் என்ற மனிதனும் மோதிக்கொண்டபோது, யார் வேண்டும் என்று ஜீயஸ் அவளையே சொல்லவிட்டார். கிழவியானதும் அப்போலோ விட்டுப் போய்விடுவான் என்று பயந்து அவள் ஐடாஸைக் கேட்டாள்.