பாஞ்சோவோடு போன்ஸ் வாசிப்பது எப்படி? புதிதாகக் கற்பவர்களுக்கான செய்முறை

அமெரிக்காவின் பழைய நாட்டுப்புற நடன இசையான ஓல்டு-டைமில், தோல் போர்த்திய தந்திக் கருவியான ஐந்து தந்தி பாஞ்சோவும், ஒரே கையில் பிடித்து ஒன்றோடொன்று தட்டும் எலும்பு அல்லது மரத்துண்டுகளான ஒரு ஜோடி போன்ஸும் சேர்ந்தாலே ஆட்டத்துக்குப் போதுமான தாளம் கிடைத்துவிடும். ஆனால் இரண்டுமே ‘டக்’கென்று எழுந்து உடனே அடங்கும் ஒலிகள். இரண்டும் இடைவிடாமல் ஒலித்தால் மெட்டு கேட்காது. போன்ஸ் வாசிப்பவர் முதலில் கற்க வேண்டியது, எங்கே தட்டாமல் இருப்பது என்பதைத்தான்.

இந்த இணையின் வரலாற்றையும் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். பாஞ்சோ, அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கைவண்ணம். 1843-இல் நியூயார்க்கில் முகத்தில் கரி பூசிய நான்கு வெள்ளையர்கள் ‘வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்’ என்ற பெயரில் மேடையேறினார்கள். பில்லி விட்லாக் பாஞ்சோ, ஃபிராங்க் புரோவர் போன்ஸ் வாசித்தனர். இந்த இணை ஊரெங்கும் பரவியது, கறுப்பின மக்களை ஏளனம் செய்த அத்தகைய மேடைகள் வழியாகத்தான். 2005-இல் தொடங்கிய ‘கரோலினா சாக்லேட் டிராப்ஸ்’ குழுவின் கறுப்பினக் கலைஞர்கள் அதை உரிமையோடு மீட்டெடுத்தார்கள். அக்குழுவில் இருந்த டாம் ஃப்ளெமன்ஸ் போன்ஸ் வாசிப்பதை அவசியம் கேளுங்கள்.

தேவையானவை

பின்பக்கம் திறந்த ஐந்து தந்தி பாஞ்சோ, மெட்ரோனோம் (சீரான இடைவெளியில் ஒலித்து வேகம் காட்டும் கருவி), ஒரு ஜோடி போன்ஸ். போன்ஸ் 5 முதல் 7 அங்குல நீளம், சுமார் 1 அங்குல அகலம், லேசான வளைவோடு இருக்க வேண்டும். மாட்டு விலா எலும்பில் செய்தவை பளீரென்று ஒலிக்கும். தொடக்கத்தில் மரத்தாலானவையே நல்லது. ஒலி சற்று மென்மை, பாஞ்சோவை அமுக்காது.

படி 1: பிடி

ஒரு துண்டை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே செருகி, கட்டைவிரலின் அடிச்சதையோடு அழுத்திக்கொள்ளுங்கள். இது அசையவே கூடாது. அடுத்ததை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே தளர்வாக விடுங்கள். மோதிர விரல் நுனி அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். இரண்டின் புடைத்த பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். கீழ் நுனிகளுக்கு இடையே கால் அங்குலம் இடைவெளி இருக்கட்டும்.

புதியவர்கள் இந்தப் படியில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒலியே வரவில்லை என்றால், இரண்டையும் இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள். ஒழுங்கில்லாமல் சலசலத்தால், அசையக் கூடாத துண்டும் ஆடுகிறது. ‘கடக்’ என்று மந்தமாக ஒலித்தால், வளைவைத் திருப்பி வைத்துவிட்டீர்கள். தட்டையாக மோதுவதால் ஒலி செத்துப்போகிறது. கை வியர்த்தால் துடைத்துக்கொள்ளுங்கள், பிடியை மட்டும் இறுக்காதீர்கள்.

படி 2: தட்டு

ஈரக் கையை உதறுவதுபோல முன்கையை வெளிப்புறம் சுழற்றி, சட்டென்று நிறுத்துங்கள். ஒரே ஒரு ‘டக்’ வர வேண்டும். விரல்கள் எதையும் செய்ய வேண்டாம். இது சுத்தமானதும் வெளியே, உள்ளே, வெளியே என்று மூன்று முறை வேகமாகச் சுழற்றி நிறுத்துங்கள்: ‘தகிட’. மூன்றாவது தட்டு கேட்கவில்லை என்றால், கை சீக்கிரமே நின்றுவிடுகிறது என்று பொருள்.

படி 3: பாஞ்சோ

தந்திகளை ஓபன் ஜி என்ற முறையில் சுருதி சேருங்கள்: ஐந்தாம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை ஜி, டி, ஜி, பி, டி. வாசிப்பு முறை கிளாஹாமர். ஆள்காட்டி விரல் நகத்தால் ஒரு தந்தியைக் கீழ்நோக்கி அடியுங்கள்: ‘தாம்’. அதே நகத்தால் தந்திகளை வருடுங்கள்: ‘த’. கட்டைவிரலால் ஐந்தாம் தந்தியை மீட்டுங்கள்: ‘க’. ‘தாம்’ ஓடும் நேரத்தில் தலா பாதிதான் ‘த’வுக்கும் ‘க’வுக்கும். மூன்றையும் சமமாக வாசித்தால் நடை நொண்டும், போன்ஸ் எதன்மேல் விழுவது என்றே தெரியாது.

படி 4: சேர்ப்பது

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 ஒலி என்று வையுங்கள். ஒவ்வொரு ஒலியிலும் ஒரு ‘தாம்’. போன்ஸ், ‘த’ விழும் இடத்தில் மட்டும் ஒற்றைத் தட்டு. ‘தாம்’ பாஞ்சோவுக்கே உரியது. மெட்டின் முக்கிய சுரங்கள் அங்கேதான் இருக்கின்றன. பிறகு சில இடங்களில் ஒற்றைத் தட்டுக்குப் பதில் ‘தகிட’ போடுங்கள்: முதல் தட்டு வருடலோடும், மூன்றாவது கட்டைவிரல் தந்தியோடும் சேர வேண்டும். போன்ஸ் வாசிப்பவரின் கண் பாஞ்சோக்காரரின் வலது கையில் இருக்கட்டும்.

வேகத்தை ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். ‘தகிட’ வந்ததும் வேகம் ஓடுகிறதா? அதை நிறுத்திவிட்டு ஒற்றைத் தட்டுக்குத் திரும்புங்கள். பாஞ்சோவின் அதிர்வு மிஞ்சினால், தோலுக்கும் அதன் பின்னால் உள்ள கட்டைக்கும் நடுவே ஒரு பழைய துணியைச் செருகுங்கள்.

படி 5: முழு மெட்டு

பெரும்பாலான ஓல்டு-டைம் மெட்டுகளில் எட்டு பார் (தாளக் கட்டம்) கொண்ட இரண்டு பகுதிகள் உண்டு; ஒவ்வொன்றும் இருமுறை வரும், ஒரு சுற்றுக்கு 32 பார். முதல் பகுதியில் ஒற்றைத் தட்டு மட்டும். இரண்டாம் பகுதியில் ‘தகிட’வைச் சேர்க்கலாம், எட்டாவது பாரில் அது மிக அழகாக உட்காரும். ஒரு முழுச் சுற்றுக்கு போன்ஸ் மௌனமாக இருந்துவிட்டு மீண்டும் நுழைந்து பாருங்கள். அந்த வேறுபாட்டைக் கேட்டால் எங்கே தட்டலாம் என்று காதே சொல்லும்.

பலர் கூடி வாசிக்கும் இடத்தில் போன்ஸ் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் ஏற்கெனவே வாசித்தால் உங்களுடையது பையிலேயே இருக்கட்டும். மெட்டை நடத்துபவர் காலைத் தூக்கினால் அதுதான் கடைசிச் சுற்று. இறுதி அடியில் பாஞ்சோவோடு சேர்ந்து ஒரே ஒரு தட்டு, உடனே விரலால் தளர்வான துண்டை அமுக்கிவிடுங்கள்.