சங்கத்துக்கோ கோயிலுக்கோ வெப்சைட் செய்றீங்களா? நோட்டிஸ அப்படியே தூக்கிப் போடாதீங்க

மலேசியால சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கோயிலு, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கம்னு நம்ம பிள்ளைங்க நிறைய பேரு இப்ப வெப்சைட் செஞ்சு குடுக்குறாங்க, ரொம்ப சந்தோஷம். எழுத்துப்பிழை, வேலை செய்யாத லிங்க் இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுர்றேன்.

நோட்டிஸ படமா போடுறது

இத பாத்தா எனக்கு இன்னிக்கும் வயிறு எரியும். பிரிண்டிங் கடையில இருந்து திருவிழா நோட்டிஸ் ஜேபெக்கா வரும், அத முதல் பக்கத்துல ஏத்திட்டு வேலை முடிஞ்சதுன்னு போயிடுறாங்க. பெரிய தாளுக்குச் செஞ்சது போன்ல எறும்பு சைஸுக்குப் போயிடும். போன ஆடித் திருவிழாவுக்கு எங்க பக்கத்து வீட்டுப் பாட்டி உபயத்துக்குப் பேரு குடுக்கணும்னு ரெண்டு விரலால பெருசாக்கிப் பெருசாக்கி நம்பர் தேடுறாங்க, பெருசாக்குனா முன்பாதி வெளிய போயிடுது, தொட்டா கால் போகல, கடைசியில காலண்டர் தாள் பின்னாடி எழுதி அடிச்சா யாரோ எடுக்குறாங்க. 3-அ 8-னு எழுதிருக்காங்க. அந்த வருஷம் அவங்க உபயம் நடக்கல. இதுக்கு வெப்சைட் செஞ்சவங்கதான் பொறுப்பு.

படத்துக்குள்ள மாட்டிக்கிட்ட எழுத்து கூகிள்ல ஒழுங்கா சிக்காது, நேரம் மாறுனா திருத்தவும் முடியாது. கண்ணு தெரியாதவங்க டாக்பேக்ல (போன் திரையில இருக்குறத வாசிச்சுச் சொல்ற வசதி) கேட்டா விவரம் ஒழுங்கா வராது. மலாய் பள்ளியில படிச்ச நம்ம பிள்ளைங்க எத்தன பேரு தமிழ் பேசுவாங்க, படிக்க வராது! நிஜ எழுத்தா இருந்தா போனே வாசிச்சுக் காட்டும், வெப்சைட் கோட்ல அந்தப் பக்கத்தோட மொழி தமிழ்னு குறிச்சு வைங்க.

தேதி, நேரம், இடம், நம்பர் இந்த நாலையும் யூனிகோட்ல (எல்லா போன்லயும் கம்ப்யூட்டர்லயும் ஒரே மாதிரி வர்ற எழுத்து முறை) டைப் பண்ணுங்க, படம் கீழ இருக்கட்டும், அதுக்கு ஆல்ட் டெக்ஸ்ட், அதாவது படத்துல என்ன இருக்குன்னு சொல்ற வரி, குடுங்க. கடைக்காரர் ஃபைல்ல இருந்து காப்பி பண்ணா பழைய ஃபான்ட் எழுத்து கன்னாபின்னான்னு வரும். யூனிகோட்ல தமிழ் 1991லயே வந்தாச்சு, இன்னுமா பழைய ஃபான்ட்? வாட்ஸ்அப் லிங்க்ல முன்னாடி இருக்குற 0-வ எடுத்துட்டு மலேசியா கோடு 60 போடணும், நடுவுல சின்னக் கோடு (-), ஸ்பேஸ் எதுவும் வரக்கூடாது.

மஞ்சள் மேல வெள்ளை எழுத்து

மங்களகரமா இருக்கும், வெயில்ல படிக்க முடியாது. சாதாரண எழுத்துக்கு கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், 4.5:1க்குக் குறையக்கூடாதுன்னு டபிள்யூசிஏஜி (எல்லாரும் பயன்படுத்துற மாதிரி வெப்சைட் செய்றதுக்கான உலக வழிகாட்டி) விதியே இருக்கு.

தானா பாடுற பக்திப் பாட்டு

எடுத்துடுங்க.

டொமைன் (வெப்சைட் முகவரி) யாரு பேர்ல?

சங்கத்து பேர்ல, சங்கத்து ஈமெயில்ல. செஞ்சு குடுத்த தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனப்புறம் பாஸ்வேர்டு கேட்டு அவங்கம்மா வீட்டு வாசல்ல கமிட்டி போய் நிக்கக்கூடாது.