வீட்டுக் கணக்கில் ஏறாத செலவை எழுதிப் பிடிப்பது எப்படி?

15,000 ரூபாயில் ஓடிய குடும்பம், பருப்பும் எண்ணெயும் சிலிண்டரும் ஏறிய பிறகும் அதே 15,000-இல் ஓடுகிறதா? அப்படியானால் மீதியை யாரோ தன் கையிலிருந்து போடுகிறார்கள். பெரும்பாலும் அடுப்படியில் நிற்பவர்தான். அதை எழுதிப் பார்க்க 40 பக்க நோட்டு ஒன்று போதும்.

முழு மாதம் எழுதுங்கள். சம்பளம் வந்த வாரமும் மாதக் கடைசியும் ஒன்றல்ல. இடப்பக்கம் வழக்கமான செலவு. வலப்பக்கம் கணக்கில் ஏறாதவை: சாப்பாடு, நேரம், உடம்பு, கடன் என நாலு கட்டம்.

சாப்பாட்டுக் கட்டத்தை ராத்திரி பாத்திரம் கழுவும் முன் எழுதிவிட வேண்டும். மறுநாள் மறந்துபோகும். ‘குறைச்சுக்கிட்டோம்’ என்று எழுதினால் பயனில்லை. ‘முட்டை 4, ஆள் 5, அம்மா எடுக்கவில்லை’ என்று ஆளைச் சொல்லி எழுதுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஆணுக்கு நாளுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து, பெண்ணுக்கு 29. கூடுதலாகத் தேவைப்படுகிற ஆளின் தட்டில்தான் கீரையும் முட்டையும் முதலில் காணாமல் போகின்றன.

சிலிண்டர் மாட்டிய தேதியை அதன் மேலேயே சாக்பீஸால் குறியுங்கள். 30 நாள் வந்த 14.2 கிலோ இப்போது 45 நாள் வந்தால், சிக்கனம் என்று சந்தோஷப்பட வேண்டாம். வெந்நீர் விறகடுப்புக்கு மாறியிருக்கும். சுள்ளி பொறுக்கிய மணி நேரம் ‘நேரம்’ கட்டத்துக்கு, புகையில் வந்த இருமல் ‘உடம்பு’ கட்டத்துக்கு. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்தான். ஆனால் ‘ஸ்டாக் வரல’ என்று இரண்டாம் தடவை அலைந்தால், போன அரைநாள் கூலியையும் அந்தப் பருப்பு விலையோடு கூட்டுங்கள். தள்ளிப்போட்ட மாத்திரை, நாப்கினுக்குப் பதில் துணி, இவையும் உடம்பில்தான் வரும்.

தடுமாறுவது கடன் கட்டத்தில். தண்டலில் 10,000 என்று பேசி 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ‘நூத்துக்குப் பதினஞ்சுதானே’ என்று தோன்றும். அசல் தினமும் கரைவதால், சராசரியாகக் கையில் நிற்பது அதில் பாதிதான். அதுவும் 100 நாளைக்கு. ஆண்டுக்குப் பார்த்தால் வட்டி 120 சதவீதத்தைத் தாண்டும்.

குழுக் கடனுக்கு ‘யார் பேரில்’, ‘எதற்குப் போச்சு’ என்று இரண்டு பத்தி போடுங்கள். கையெழுத்து மனைவியுடையது, பணம் போனது வண்டி ரிப்பேருக்கு என்பது அப்போதுதான் தெரியும். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் (இந்தக் குழுக் கடன் மாதிரி அடமானமில்லாத சிறு கடன்) தரும்போது குடும்பத்தின் எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அந்தக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது.

மாதம் முடிந்ததும் சம்பாதிக்கிற எல்லாரையும் உட்காரவைத்து வலப்பக்கத்தைச் சத்தமாகப் படியுங்கள். அடுத்த மாத பட்ஜெட்டில் முதல் வரி அந்த ஐந்தாவது முட்டை. இரண்டாவது வரி தண்டல் பாக்கி. டீக்கடை, செல்போன் ரீசார்ஜ் எல்லாம் அதற்குப் பிறகு.