மெக்கானிக் ஷெட்டில் போடும் சர்வீஸ் பில் நியாயம்தானா? பார்ப்பது எப்படி

கார் சர்வீஸ் முடிந்து பில் கைக்கு வந்ததும் நம் கண் நேராக அடியில் இருக்கும் மொத்தத்துக்குத்தான் போகும். போன தடவை ஐயாயிரம், இந்தத் தடவை ஒன்பதாயிரமா, நன்றாக மொட்டை அடித்துவிட்டார்கள் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிடுவோம். போன தடவை வெறும் ஆயில் சர்வீஸ், இந்தத் தடவை பிரேக் பேடும் கூலண்டும் மாற்றியிருக்கிறார்கள் என்பது கணக்கிலேயே வராது. மொத்தத்தை வைத்து நியாயம் பார்க்க முடியாது. பில்லை ஸ்பேர்ஸ், ஆயில், லேபர், வரி என்று பிரித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றையும் பார்க்கும் விதம் வேறு. என் அனுபவத்தில் சொல்வது ஒன்றுதான்: லேபரில் கை தாராளமாக இருக்கட்டும், ஸ்பேர்ஸிலும் வரியிலும் கறாராக இருங்கள். நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

நான் பேசுவது வாரண்டி முடிந்த காரைப் பற்றி, கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகாமல் நம் ஏரியாவில் இருக்கும் ஷெட்டில் விடுகிறவர்களுக்காக.

வண்டியை விடும்போதே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். கார் வாங்கும்போது கொடுத்த ஓனர்ஸ் மேனுவல் குளோவ் பாக்ஸுக்குள் பிரிக்காமலே கிடக்கும், அதை எடுங்கள். எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும், எதைப் பார்த்தால் மட்டும் போதும் என்று அதில் ஒரு அட்டவணை இருக்கும். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு எஞ்சின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். பிரேக் ஃப்ளூயிட் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. ஏர் ஃபில்டரை ஒவ்வொரு சர்வீஸிலும் மாற்ற வேண்டியதில்லை, ஆனால் தினமும் மண் ரோட்டில் ஓடும் வண்டி என்றால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். ஸ்பார்க் பிளக்கில் இரிடியம் வகை என்றால் சில கார்களில் ஒரு லட்சம் கி.மீ. வரைகூட மாற்றச் சொல்லமாட்டார்கள். உங்கள் காருக்கு என்ன என்பதை அந்த அட்டவணையில் பார்த்து, இந்த கிலோமீட்டருக்கு வர வேண்டியதை மட்டும் ஒரு வாட்ஸ்அப் மெசேஜாக மெக்கானிக்குக்கு அனுப்பி, பார்ட் வாரியாக எஸ்டிமேட் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும், அது பில் போடும்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அதோடு இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். "இதுக்கு மேல எது செய்யறதா இருந்தாலும் ஒரு போன் பண்ணிட்டுச் செய்யுங்கண்ணே." அப்புறம், "கழட்டின பழைய பார்ட்டையும் புதுசு வந்த பெட்டியையும் டிக்கியில போட்டு வைங்கண்ணே." இரண்டாவதைச் சண்டைக்காரத் தொனி இல்லாமல், சாதாரணமாக, சிரித்த முகத்தோடு சொன்னாலே போதும். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் முகம் சுளிக்கமாட்டார், கேட்காமலே எடுத்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

சரி, பில் வந்துவிட்டது, பெட்டிகளும் டிக்கியில் இருக்கின்றன. இப்போது ஸ்பேர்ஸ். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும், அதில் பார்ட் நம்பர், பேக் செய்த மாதம், எம்ஆர்பி எல்லாம் இருக்கும். பில்லில் அந்தப் பார்ட்டுக்குப் போட்டிருக்கும் விலையை லேபிளோடு ஒப்பிடுங்கள். எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை, சட்டப்படியே அப்படித்தான். ஆனால் நிறைய ஷெட்டில் என்ன செய்கிறார்கள் என்றால், எம்ஆர்பியை அப்படியே அடிப்படை விலையாகப் போட்டுவிட்டு, கீழே அதன் மேல் இன்னொரு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்துவிடுகிறார்கள். ஒரு ஆயில் ஃபில்டரின் எம்ஆர்பி 118 ரூபாய் என்று வையுங்கள். அதில் 100 ரூபாய் பொருள், 18 ரூபாய் வரி. பில்லில் 118 போட்டு அதற்கு மேல் 18 சதவீதம் சேர்த்தால் 139 ரூபாய் 24 காசு. ஃபில்டரில் இது சில்லறை, கண்ணில் படாது. இதே கணக்கை 5,000 ரூபாய் ஸ்பேர்ஸுக்குப் போட்டால் 900 ரூபாய் சும்மா போகிறது. பில்லில் தவறு நடக்கும் இடங்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான், ஏனென்றால் இதில் வாதத்துக்கே இடமில்லை, லேபிளைக் காட்டினால் விஷயம் முடிந்தது.

வரி விகிதத்தையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரி பாகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம், 18 சதவீதம். முன்பு பல பாகங்களுக்கு 28 ஆக இருந்தது. பழைய சாஃப்ட்வேரில் பில் போடுகிறவர்கள் யாராவது இன்னும் 28 என்று போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். லேபருக்கும் 18தான்.

அதைவிட முக்கியம், வரி வசூலிக்க அவருக்கு உரிமை இருக்கிறதா என்பது. பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு தொகை இருந்தால், மேலே 15 எழுத்து ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டுக் கடை என்றால் அது 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கடையின் பெயரும், பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும், லாகின்கூட வேண்டாம். காம்போசிஷன் திட்டத்தில் (சின்ன வியாபாரிகள் தங்கள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் முறை) இருக்கும் கடைக்காரர் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கவே கூடாது. பதிவே இல்லாத சின்ன ஷெட்டும் வாங்கக் கூடாது. வருட விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருக்கும் ஷெட் பதிவு செய்யாமல் இருப்பது தப்பில்லை, துண்டுச் சீட்டில் பெயரும் தேதியும் போட்டு பில் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் அந்தச் சீட்டில் ஜிஎஸ்டி என்று ஒரு தொகை இருந்தால் அதைக் கொடுக்க வேண்டியதில்லை.

பார்ட்டை எம்ஆர்பிக்கே விற்றிருக்கிறாரே, கடையில் அவருக்குத் தள்ளுபடி கிடைத்திருக்குமே என்று சிலர் கேட்பார்கள். கிடைத்திருக்கும்தான். சென்னையில் கார் ஸ்பேர்ஸ் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் மெக்கானிக்குக்கு ஒரு விலை, நமக்கு ஒரு விலை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அந்த வித்தியாசம் அவருடைய நியாயமான வருமானம், பொருளைத் தேடிப் போய் வாங்கி வந்து, தப்பான சைஸ் என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவதற்கான கூலி அது. எம்ஆர்பியைத் தாண்டாத வரை அதில் கை வைக்க வேண்டாம்.

லேபிளே இல்லாத பார்ட், பெட்டி இல்லாமல் பாலித்தீன் கவரில் வந்த பார்ட், இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். பில்லில் "பிரேக் பேட் – 1 செட்" என்று மட்டும் இருந்தால் போதாது, எந்தக் கம்பெனி என்று எழுதச் சொல்லுங்கள். கார் கம்பெனியின் பெட்டியில் வந்ததுதான் ஒரிஜினல், மற்றதெல்லாம் டூப்ளிகேட் என்பதும் சரியில்லை. சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ் போன்றவர்கள் கார் கம்பெனிகளுக்கே ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் சப்ளை செய்கிறவர்கள். ரானே, பாஷ், வேலியோ எல்லாமே அப்படித்தான். இவர்கள் தங்கள் சொந்தப் பெட்டியில் விற்பதை வாங்கிப் போட்டால் பெரும்பாலும் விலை குறைவு, தரமும் நம்பலாம். தப்பு எது என்றால், இதைப் போட்டுவிட்டு கார் கம்பெனி பெட்டியின் விலையைப் போடுவது. பழைய ஸ்பேர்ஸுக்குப் பேர் போன புதுப்பேட்டையிலிருந்து செகண்ட் ஹேண்ட் பார்ட் வாங்கிப் போட்டாலும் சரிதான், பழைய காருக்கு அது நல்ல யோசனையாகக்கூட இருக்கும், ஆனால் முன்கூட்டியே சொல்லி, பில்லிலும் பழையது என்று எழுதியிருக்க வேண்டும். பிரேக், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட எதையும் மட்டும் பழையதாக வாங்காதீர்கள்.

ஆயிலுக்குத் தனிக் கணக்கு. சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு மூன்று, மூன்றரை லிட்டர்தான் பிடிக்கும், சரியான அளவும் கிரேடும் மேனுவலில் இருக்கிறது. பில்லில் நான்கு லிட்டர் என்று இருந்தால் மீதி எங்கே என்று கேளுங்கள். சீல் உடைக்காத கேன் வாங்கி ஊற்றியிருந்தால் மிச்சம் நம்முடையது, டிக்கியில் வைத்துக்கொண்டால் டாப் அப் செய்ய உதவும். பேரலிலிருந்து ஊற்றியிருந்தால் ஊற்றிய அளவுக்குத்தான் காசு, விலையும் கேனைவிடக் குறைவாக இருக்க வேண்டும். எஞ்சினில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள், இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவது எஞ்சினுக்கும் நல்லதில்லை.

இப்போது லேபர். இதில்தான் நாம் நின்று பேரம் பேசுகிறோம், ஏனென்றால் கையால் தொட்டுப் பார்க்க முடியாத பொருளுக்குக் காசு கொடுப்பது நமக்கு வலிக்கிறது. ஆனால் லேபரில் இறுக்கினால் மெக்கானிக் வேறு வழியில்லாமல் அதை ஸ்பேர்ஸிலோ ஆயிலிலோ எடுக்கப் பார்ப்பார். இந்தப் பழக்கத்தை வளர்த்தது நாம்தான். ஷெட் வாடகை, பையன்கள் சம்பளம், லிஃப்ட், ஸ்கேனர் எல்லாம் லேபரிலிருந்துதான் வர வேண்டும். எஞ்சின் லைட் எரிகிறது என்று வண்டியை விட்டு, அவர் அரை நாள் ஒயரிங்கைத் தேடி, கடைசியில் ஒரு கனெக்டரைச் சுத்தம் செய்து சரிசெய்தால், பார்ட்டே மாற்றவில்லையே என்று காசைக் குறைக்கக் கூடாது. கண்டுபிடித்ததற்குத்தான் கூலி.

லேபரில் பார்க்க வேண்டியது ஒரே வேலைக்கு இரண்டு முறை காசு போட்டிருக்கிறார்களா என்பதை. ஜெனரல் சர்வீஸ் லேபர் என்றாலே ஆயில் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது, நாலு வீலையும் கழற்றி பிரேக் சுத்தம் செய்வது பொதுவாக அதில் அடக்கம். அதைப் போட்டுவிட்டு, கீழே பிரேக் கிளீனிங், ஆயில் சேஞ்ச் என்று தனித்தனி ஐட்டங்கள் இருந்தால் கேட்டே ஆக வேண்டும். பெரிய வேலையில் இது இன்னும் நுணுக்கமாக ஒளிந்திருக்கும். கிளட்ச் செட் மாற்ற கியர் பாக்ஸை இறக்க வேண்டும், முன் வீல் டிரைவ் காரில் டிரைவ் ஷாஃப்ட்டையும் உருவ வேண்டும், கியர் ஆயிலையும் வடிக்க வேண்டும். லேபர் அதிகமாக இருப்பது அதனால்தான், அதைக் கொடுக்கலாம். ஆனால் கியர் பாக்ஸ் கீழே இறங்கியிருக்கும்போது கிளட்சோடு சேர்ந்த ரிலீஸ் பேரிங்கையும் மாற்றினால் அதற்குத் தனி லேபர் கிடையாது, கியர் ஆயிலுக்கு ஆயில் விலை மட்டும்தான். லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் போன்ற சஸ்பென்ஷன் பாகங்களில் வேலை செய்தபின் வீல் அலைன்மென்ட் சேர்ப்பது மட்டும் நியாயமான செலவு, அது இல்லாவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

தொகை சரியா என்று தெரிய, மாருதி, ஹூண்டாய் போன்றவர்களின் இணையதளத்தில் சர்வீஸ் செலவுக் கணக்கு பார்க்கும் பக்கம் இருக்கிறது. மாடல், கிலோமீட்டர் எல்லாம் கொடுத்தால் கம்பெனி சென்டரில் எவ்வளவு ஆகும் என்று காட்டும். அதை மேல் வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஷெட்டில் லேபர் அதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும், தாண்டினால் காரணம் கேளுங்கள்.

எஸ்டிமேட்டில் இல்லாமல் பில்லில் முளைக்கும் ஐட்டங்கள் தனி ரகம். எஞ்சின் ஃப்ளஷ் (உள்ளே கழுவுவது), எஞ்சின் டிரெஸ்ஸிங் (வெளியே பளபளப்பாக்குவது), டிகார்பனைசிங் (கரி எடுப்பது), ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட் (ஏசிக்குக் கிருமிநாசினி). மேனுவல் அட்டவணையில் இவை இருக்காது, வண்டியில் குறிப்பிட்ட பிரச்சனை இருந்து அதற்காகச் செய்தால் சரி, இல்லாவிட்டால் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடலாம். "கன்ஸ்யூமபிள்ஸ்" என்று ஒரு தொகை இருந்தால் என்னென்ன என்று கேளுங்கள். வேஸ்ட் துணி, கிரீஸ், கிளீனர் ஸ்பிரே என்று கொஞ்சம் ஆகும்தான், ஆனால் அது லேபரில் பாதி அளவுக்கு வர வாய்ப்பே இல்லை.

பிரேக் பேட் மாற்ற வேண்டும் என்று போன் வந்தால், முடிந்தால் நேரில் போங்கள், இல்லாவிட்டால் வீல் கழற்றிய நிலையில் ஒரு போட்டோ கேளுங்கள். புது பேடில் இரும்புத் தகட்டின் மேல் தேயும் பகுதி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இருக்கும். அது மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள், அதில் காசு பார்க்காதீர்கள். ஐந்து, ஆறு மில்லிமீட்டர் இருக்கிறது என்றால் அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம். அடிக்கடி ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் மட்டும் அவ்வளவு காத்திருக்க வேண்டாம். பேட்டரி மாற்றினால் பழைய பேட்டரிக்கு உண்டான தொகையைக் கழித்திருக்கிறார்களா, வாரண்டி கார்டில் தேதியும் சீரியல் நம்பரும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

கணக்கு இடித்தால் ஷெட்டிலேயே பேசுங்கள், ஆனால் மற்ற கஸ்டமர்கள் முன்னால் குரலை உயர்த்தாதீர்கள். "அண்ணே, இந்த ஒரு லைன் மட்டும் புரியல, கொஞ்சம் சொல்லுங்க" என்றால் பாதிப் பிரச்சனை அங்கேயே தீர்ந்துவிடும். பையன் தப்பாகப் போட்ட பில்லாகவும் இருக்கலாம். இடிக்கிற தொகை நூறு, இருநூறு என்றால், வேலை நன்றாக இருந்தால், நான் விட்டுவிடுவேன். கையில் பிடித்த மெக்கானிக்கை இழப்பதில்தான் நஷ்டம் அதிகம்.

சொல்லாமல் செய்த வேலைக்குப் பெரிய தொகை, போடாத பார்ட்டுக்குக் காசு, பில்லே தர மறுப்பது என்றால் விடாதீர்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. வண்டி உள்ளே நிற்கிறது, சாவி அவரிடம் இருக்கிறது என்றால் பணத்தை யுபிஐயில் கட்டி, "இந்தத் தொகையை ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிட்டு வண்டியை எடுத்து வாருங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, ஆன்லைனிலேயே மனு போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எஸ்டிமேட் மெசேஜ், பில், பார்ட் பெட்டி லேபிளின் போட்டோ, பணம் கட்டிய ரசீது, இந்த நான்கும் கையில் இருந்தால் மனுவுக்குத் தேவையானது ஏறக்குறைய எல்லாமே தயார்.