தையிலேயே அம்மை வந்துவிட்டால்: வீட்டிலும் தெருவிலும் செய்ய வேண்டியவை

சின்னம்மைக்கு நம் ஊரில் ஒரு கணக்கு உண்டு. மாசியில் வெயில் ஏறினால் வரும், பங்குனி சித்திரையில் ஆடும், மழை விழுந்தால் அடங்கும். பொங்கல் நேரத்திலேயே தெருவில் ஒரு பிள்ளைக்கு முத்து போட்டுவிட்டால் இந்தக் கணக்கு குழம்பிவிடுகிறது. "பனிக்காலத்துல ஏது அம்மை? கொசுக்கடியா இருக்கும்" என்று முதல் மூன்று நாள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். உறுதியான பிறகு, பொருக்கு காய்ந்து ஆள் தேறும் சமயத்தில், தெருவே கதவைச் சாத்திக்கொள்கிறது. பயப்பட வேண்டிய நாளில் அலட்சியம், அலட்சியமாக இருக்கலாம் என்ற நாளில் பயம். இந்த வரிசையை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

முதலில் அது அம்மைதானா என்று பாருங்கள். பகல் வெளிச்சம் போதாது, டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். கொசுக்கடி கை கால்களில், துணி மூடாத இடங்களில் இருக்கும். அம்மை மார்பு, முதுகு, வயிற்றில் தொடங்கி முகத்துக்கும் கைகால்களுக்கும் பரவும். தலைமுடியை விலக்கி உச்சந்தலையைப் பாருங்கள், அக்குளையும் வாயின் உட்புறத்தையும் பாருங்கள். உள்ளங்கை அளவு தோலிலேயே சிவப்புப் புள்ளி, நீர் கோத்த முத்து, வாடத் தொடங்கிய பொருக்கு மூன்றும் ஒருசேர இருந்தால் அநேகமாகச் சின்னம்மைதான். முத்துக்கள் ஒரே நாளில் வந்து நிற்பதில்லை, மூன்று நான்கு நாள் அலை அலையாக வரும். இருமல், மூக்கொழுகல், சிவந்த கண்ணோடு காதோரத்தில் தொடங்கித் தட்டையாகப் பரவினால் தட்டம்மையாக இருக்கலாம். உள்ளங்கை, உள்ளங்கால், வாய் என்று மட்டும் கொப்புளம் இருந்தால், தக்காளிக் காய்ச்சல் என்று பெயர் கட்டிய கை-கால்-வாய் நோயைச் சந்தேகிக்க வேண்டும். தடுப்பூசி போட்ட பிள்ளைக்கு அம்மை வந்தால் ஐம்பதுக்கும் குறைவான புள்ளிகளோடு, முத்தே கட்டாமல் போய்விடலாம். கொசுக்கடி என்று ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

முதல் 24 மணி நேரம்

இந்த நோய்க்கு மருந்தே இல்லை என்று சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் அசைக்ளோவிர் இருக்கிறது. ஆனால் புள்ளி தெரிந்து 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். "மூணாம் நாள் தண்ணி ஊத்திட்டு அப்புறம் டாக்டரைப் பார்க்கலாம்" என்று காத்திருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 800 மில்லிகிராம் மாத்திரை, ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். சிறுநீரகத்தில் பிரச்சினை இருந்தால் அளவு குறையும் என்பதால் மருத்துவர் எழுதித்தான் வாங்க வேண்டும். மாத்திரை சாப்பிடும் நாட்களில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படியக்கூடும். ஆரோக்கியமான 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் இது தேவைப்படாது. ஆனால் வீட்டில் முதல் ஆளைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட இரண்டாம் ஆளுக்கு நோய் கடுமையாக இருப்பது வழக்கம். அதனால் அவருக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

கிளினிக் போனால் காத்திருக்கும் வரிசையில் போய் உட்காராதீர்கள். அங்கே கர்ப்பிணியும் கைக்குழந்தையும் இருப்பார்கள். போன் செய்து சொல்லிவிட்டுப் போங்கள், அல்லது வாசலிலேயே நின்று தகவல் சொல்லுங்கள். அரசின் இ-சஞ்சீவனியில் வீடியோ வழியாகவும் மருத்துவரைப் பார்க்கலாம். முத்து தெரியும்படி இரண்டு படம் முன்பே எடுத்து வைத்துக்கொண்டால் வேலை சுலபம்.

நாள் எண்ணுவது எப்படி

தொற்று, புள்ளி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. எல்லா முத்தும் காய்ந்து பொருக்காகும் வரை, சுமார் ஐந்து முதல் ஏழு நாள், நீடிக்கிறது. பிடித்துக்கொண்டவருக்குப் புள்ளி தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். பெரும்பாலும் இரண்டு வாரத்தை ஒட்டி வரும். இதற்கு முன் அம்மை வராதவர்கள் ஒரே வீட்டில் இருந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு ஒட்டிக்கொள்ளும்.

காலண்டரில் வைத்துப் பாருங்கள். ஜனவரி 10 அன்று ஒரு மாணவிக்கு முத்து போட்டது, அன்றே வீட்டில் நிறுத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 8, 9, 10 ஆகிய நாட்களில் வகுப்பில் உடன் இருந்தவர்களுக்கு ஜனவரி 18 முதல் 31 வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். 24ஐ ஒட்டி அதிகம் எதிர்பார்க்கலாம். வீட்டில் உள்ளவர்களுக்குக் கணக்கு நீளும்: பிள்ளைக்கு 17ஆம் தேதி பொருக்கு காய்ந்தால், அதிலிருந்து 21 நாள், அதாவது பிப்ரவரி 7 வரை கவனம் வேண்டும். "பத்து நாள் ஆச்சு, யாருக்கும் வரல, தப்பிச்சோம்" என்று நிம்மதி அடைவது தப்புக் கணக்கு. பத்தாம் நாளில்தான் கணக்கே தொடங்குகிறது.

புள்ளிக்கு முன்னாலேயே பரவுவதால், "அவங்க வீட்டுலேருந்துதான் வந்துச்சு" என்று பக்கத்து வீட்டைப் பழிப்பதில் அர்த்தமில்லை. அவர்களுக்கே அப்போது தெரிந்திருக்காது.

வழக்கங்களில் எதை வைத்துக்கொள்வது

வாசலில் வேப்பிலை செருகுவதை நிறுத்தச் சொல்லி மாமியாரோடு மல்லுக்கட்ட வேண்டாம். வேப்பிலை வைரஸைத் தடுக்காது, ஆளைத் தடுக்கும். அச்சடித்த எந்த அறிவிப்புப் பலகையும் ஒரு கொத்து வேப்பிலை அளவுக்கு நம் தெருக்களில் மதிக்கப்படுவதில்லை. வெளியாள் வரக்கூடாது, வீட்டாளும் விசேஷத்துக்குப் போகக்கூடாது, நோயாளிக்குத் தனிப் பாய், தனித் துணி என்பதெல்லாம் நல்ல தனிமைப்படுத்தல். ஒரு திருத்தம் மட்டும்: வேப்பிலையைப் புள்ளி தெரிந்த அன்றே செருகுங்கள். நாள் பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

காற்றிலும் பரவுகிற நோய் இது. ஆகவே அறைக்கதவு மூடியும், வெளிப்பக்க ஜன்னல் திறந்தும் இருக்கட்டும். டேபிள் ஃபேனை ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். எல்லோரும் ஒரே ஏசி அறையில் படுப்பது கூடாது. பார்த்துக்கொள்பவர் ஏற்கெனவே அம்மை வந்தவராக இருந்தால் உத்தமம். ஆனால் "எனக்குச் சின்ன வயசுல வந்திருக்கு" என்று பாட்டி சொல்வது தட்டம்மையாகக்கூட இருக்கலாம், முத்து கட்டியதா, வடு இருக்கிறதா என்று கேளுங்கள்.

மாற்ற வேண்டிய வழக்கம் குளியல். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை உடம்பில் தண்ணீரே படாமல் வைத்திருந்தால் வியர்வையும் அழுக்கும் சேர்ந்து அரிப்பு கூடும். சொறிந்த முத்தில் பாக்டீரியா புகுந்தால் சீழ் பிடிக்கும். ஆழமான வடு விழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தினமும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றலாம். சோப்பு மென்மையாக, தேய்க்காமல். துவட்டும்போது பருத்தித் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். சடங்காக ஊற்றும் நீரைக் குறித்த நாளில் தனியாக ஊற்றிக்கொள்ளட்டும், இரண்டும் மோதாது. அதற்கான வேப்பிலை மஞ்சள் தண்ணீரை வெயிலில் வைப்பதோடு விடாமல், கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றுங்கள்.

வேப்பிலைக் கொத்தால் அரிக்கும் இடத்தை வருடுவது தவறில்லை, முத்து உடையாத வரை. அம்மியில் அரைத்த வேப்பிலை மஞ்சள் விழுதை உடைந்த முத்தின் மேல் அப்புவது வேண்டாம். அது காய்ந்து ஒட்டிக்கொண்டு பொருக்கைப் பிய்க்கும், அடியில் சீழ் இருந்தாலும் தெரியாது. காலமைன் லோஷன் போதும். இரவில் அரிப்புத் தூங்கவிடாமல் செய்தால் செட்டிரிசின் போன்ற மாத்திரையை மருத்துவரிடம் கேட்கலாம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், கைக்குழந்தைக்குக் கையுறை மாட்டுங்கள். ஆண்கள் முகச்சவரம் செய்யக்கூடாது என்ற பழைய விதி சரியானதே.

சாப்பாட்டில் தாளிப்பு கூடாது, எண்ணெய் கூடாது என்பதால் கெடுதல் ஒன்றுமில்லை. வாயில் புண் இருக்கும்போது காரமும் கடுகும் இறங்காது. சமயபுரத்து அம்மனுக்கு மாசி கடைசி ஞாயிறு தொடங்கும் 28 நாள் பச்சைப் பட்டினி விரதத்தில் படைப்பதே துள்ளு மாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான். நோயாளிக்கும் தொண்டையில் இறங்குவது இவையே. ஆனால் வெறும் கூழிலேயே பத்து நாள் ஓட்டக்கூடாது. பாசிப்பருப்புக் கஞ்சி, குழைந்த பருப்பு சாதம், ஒத்துக்கொண்டால் முட்டை என்று புரதம் சேர வேண்டும். சர்க்கரை நோயாளி கூழை மட்டும் குடித்துவிட்டு வழக்கமான மாத்திரையையோ இன்சுலினையோ முழு அளவில் போட்டுக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார். பானகத்தைக் குடம் குடமாகக் குடித்தால் ஏறிவிடும். அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள். சிறுநீரக நோயாளிக்கு இளநீர் ஆகாது, அதில் பொட்டாசியம் அதிகம்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும்

அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. தவறு பெரும்பாலும் சிரப்பில் நடக்கும். 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்றும் 250 என்றும் இரண்டு விதமாக விற்கிறார்கள். 12 கிலோ பிள்ளைக்கு வேண்டியது 180 மில்லிகிராம். முதல் பாட்டிலில் 7.2 மில்லி, இரண்டாவதில் 3.6 மில்லி. போன தடவை கொடுத்த மூடி அளவை நினைவில் வைத்து ஊற்றாமல், பாட்டிலைத் திருப்பி எழுத்தைப் படியுங்கள்.

ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோய்க்குறி வரலாம். ஐபுபுரோஃபெனும் வேண்டாம், அம்மையின்போது தோலில் கடுமையான கிருமித்தொற்றோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது. அதே குடும்பத்து மெஃபனமிக் ஆசிட்டையும் தவிருங்கள். கடையில் "காய்ச்சலுக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டால் இவற்றில் ஒன்று கைக்கு வந்துவிடும். பெயர் சொல்லி வாங்குங்கள்.

நான்கு நாள் கழிந்தும் காய்ச்சல் நிற்கவில்லை, அல்லது விட்டுவிட்டுத் திரும்பி வந்தது என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சு வாங்குதல், தள்ளாடும் நடை, ஓயாத வாந்தி, எழுப்பினால் விழிக்காத தூக்கம், முத்தைச் சுற்றித் தோல் சிவந்து சூடாக வீங்குதல், முத்துக்குள் ரத்தம், கண்ணில் முத்து ஆகியவற்றில் எது தெரிந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். பெரியவர்களுக்கு நுரையீரல் அழற்சி வரும் வாய்ப்பு பிள்ளைகளைவிட அதிகம், புகை பிடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம். வெப்ப நாடுகளில் பெரியவரான பிறகு முதல் முறை அம்மை வருவது சாதாரணம். ஆகவே மேன்ஷன் அறையில் 28 வயது ஐ.டி. ஊழியர் அம்மையோடு இருமிக்கொண்டு கிடந்தால், பள்ளிப் பிள்ளையைவிட அவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

கர்ப்பிணி யாராவது நோயாளியுடன் இருந்திருந்தால், முன்பு அம்மை வந்ததோ தடுப்பூசி போட்டதோ உறுதியாகத் தெரியாவிட்டால், புள்ளிக்காகக் காத்திருக்க வேண்டாம். எதிர்ப்புச் சக்தி உண்டா என்று ரத்தப் பரிசோதனை இருக்கிறது. இல்லையென்றால் தொடர்பு ஏற்பட்ட பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் (நோயை எதிர்க்கும் புரதம்) ஊசி போட முடியும். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்பு வரை தாய்க்கு முத்து போட்டால் பிறந்த குழந்தைக்கு உயிராபத்து. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், ஸ்டீராய்டு சாப்பிடுபவர் ஆகியோரும் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

தெரு, விடுதி, தேர்வு

ஒரே தெருவில் அல்லது வகுப்பில் மூன்று நான்கு பேருக்கு வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மருத்துவ உதவி எண் 104க்கோ சொல்லுங்கள். சொன்னால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்ற பயத்தில் மறைப்பதுதான் அடுத்த அலைக்கு வழி விடுகிறது.

விடுதிகளில் வழக்கமாக நடக்கும் தவறு, முத்து தெரிந்த உடனே மாணவனைப் பையோடு பஸ் ஏற்றிவிடுவது. எட்டு மணி நேரம் மூடிய பஸ்ஸில் எத்தனை பேருக்குக் கொடுப்பான் என்று யாரும் யோசிப்பதில்லை. தனிக் குளியலறை உள்ள ஓர் அறையை ஒதுக்கி, சாப்பாட்டைக் கதவருகே வைத்து, ஒரு வாரம் அங்கேயே வைத்திருப்பது நல்லது. வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்றால் வீட்டார் காரில் வந்து, ஜன்னலை இறக்கிவிட்டு அழைத்துப் போகட்டும்.

முன்கூட்டி வந்த அம்மையால் ஒரு லாபம் உண்டு: தடுப்பூசிக்கு நேரம் கிடைக்கிறது. நோயாளியோடு தொடர்பு ஏற்பட்ட மூன்று நாளுக்குள், மிஞ்சிப்போனால் ஐந்து நாளுக்குள் போட்டால் நோயைத் தடுக்கவோ குறைக்கவோ முடியும். 13 வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு டோஸ், இடையில் நான்கு முதல் எட்டு வாரம். அதற்குக் கீழே என்றால் மூன்று மாத இடைவெளி. ஜனவரி நடுவில் முதல் டோஸ் போட்ட பிளஸ் டூ மாணவர் பிப்ரவரி நடுவில் இரண்டாவதை முடித்து, மார்ச் பொதுத்தேர்வுக்குத் தயாராகிவிடலாம். இல்லாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஓர் அலை என்று ஜனவரி 10, 24, பிப்ரவரி 7, 21 எனப் போய்த் தேர்வு வாசலில் வந்து நிற்கும். அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரித்தது என்பதால் கர்ப்பிணிக்குப் போடக்கூடாது, போட்டபின் ஒரு மாதம் கருத்தரிப்பதையும் தள்ளிப்போட வேண்டும்.

தேர்வு நேரத்தில் முத்து போட்டுவிட்டால் தலைமை ஆசிரியரிடம் அன்றே மருத்துவச் சான்றோடு சொல்லித் தனி அறை கேளுங்கள். அந்த அறைக்கு அம்மை வந்து போன ஆசிரியரைக் கண்காணிப்பாளராகப் போடச் சொல்வதும் முக்கியம். பொருக்கு முழுதும் உதிர்ந்த பிறகுதான் பள்ளி என்று காத்திருக்கத் தேவையில்லை. புது முத்து வருவது நின்று, இருப்பதெல்லாம் காய்ந்துவிட்டால் போகலாம். உதிரும் பொருக்கால் பரவாது.