விண்டோஸ் ஃபயர்வாலில் புது ரூல் போடும் முன் பழையதைத் தேடுங்கள்

ஒரு கேமோ மென்பொருளோ நெட்வொர்க்கில் இணையாமல் அடம்பிடித்தால், "ஃபயர்வாலை ஆஃப் பண்ணிப் பாரு" என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். அதைக் கேட்காதீர்கள். கணினிக்கு வந்து போகும் இணைப்புகளைக் காவல் காப்பதுதான் ஃபயர்வால்; எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று அதற்குச் சொல்லும் கட்டளைதான் ரூல். ஒரே ஒரு ரூலைத் திருத்தினால் தீரக்கூடிய சிக்கல்தான் பெரும்பாலும்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். உங்கள் கணினியிலிருந்து வெளியே போகும் இணைப்புகளுக்குத் தடை இல்லை. வெளியிலிருந்து தானாக வந்து கதவைத் தட்டும் இணைப்புகளுக்கு, அனுமதி ரூல் இருந்தால் மட்டுமே வழி. நீங்கள் கேட்டு வரும் பதிலுக்கு இது பொருந்தாது. அதனால்தான் பிரவுசருக்கு எந்த ரூலும் போடாமலே இணையதளங்கள் திறக்கின்றன.

எங்கே போக வேண்டும்?

ஸ்டார்ட் மெனுவில் ஃபயர்வால் என்று தேடினால் 'விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் வித் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி' வரும். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் இருக்க வேண்டும். இடப்பக்கம் இன்பவுண்ட் ரூல்ஸ் (உள்ளே வருபவற்றுக்கு), அவுட்பவுண்ட் ரூல்ஸ் (வெளியே போகிறவற்றுக்கு) என்று இரண்டு பட்டியல்கள் இருக்கும். வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் தன் சொந்த ஃபயர்வாலோடு ஓடிக்கொண்டிருந்தால் இங்கே செய்யும் மாற்றம் எடுபடாமல் போகலாம். அப்போது அந்த மென்பொருளின் அமைப்பில்தான் பார்க்க வேண்டும்.

முதல் வேலையாக, மேலே உள்ள ஆக்‌ஷன் மெனுவில் 'எக்ஸ்போர்ட் பாலிசி' கொடுத்து இப்போதைய ரூல்களை ஒரு ஃபைலாகச் சேமித்துக்கொள்ளுங்கள். ஏதாவது குளறுபடியானால் 'இம்போர்ட் பாலிசி' மூலம் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

பழைய தடை ஒளிந்திருக்கிறதா?

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒரு புரோகிராம் முதல்முறை இணைப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது, அனுமதிக்கலாமா என்று ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். அவசரத்தில் கேன்சல் அழுத்துவோம். விண்டோஸோ அதோடு விடாமல், அந்தப் புரோகிராமின் பெயரில், தகவல் அனுப்பும் இரு முறைகளான டிசிபிக்கு ஒன்று, யுடிபிக்கு ஒன்று என்று இரண்டு தடை ரூல்களை எழுதி வைத்துவிடும். ஒரே இணைப்புக்கு அனுமதியும் தடையும் இருந்தால் தடைதான் ஜெயிக்கும். நீங்கள் எத்தனை அனுமதி ரூல் அடுக்கினாலும் பயனில்லை.

ஆகவே இன்பவுண்ட் ரூல்ஸில் அந்தப் புரோகிராமின் பெயரைத் தேடுங்கள். சிவப்புத் தடைக்குறி இருந்தால் வலது கிளிக் செய்து 'டிசேபிள் ரூல்' கொடுங்கள். டெலீட் வேண்டாம், டிசேபிள் செய்ததைத் தேவைப்பட்டால் மறுபடி எழுப்பலாம். அனுமதி ரூல் ஏற்கெனவே இருந்தால் வேலை இதோடு முடிந்துவிடும்; இல்லையென்றால் புதிதாக ஒன்று போட வேண்டும்.

புது ரூல்

உங்கள் கணினியில் மைன்கிராஃப்ட் கேமின் ஜாவா பதிப்புக்கான சர்வர் (மற்றவர்கள் வந்து சேரும் புரோகிராம்) ஓடுகிறது, வீட்டிலிருக்கும் இன்னொரு லேப்டாப் அதில் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த சர்வர் வழக்கமாகப் பயன்படுத்துவது டிசிபி போர்ட் 25565. போர்ட் என்பது இணைப்பு வந்து சேரும் வாசல் எண்.

1. இன்பவுண்ட் ரூல்ஸைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்கம் 'நியூ ரூல்' அழுத்துங்கள்.
2. வகையாக 'போர்ட்', அடுத்து டிசிபி, கீழே உள்ள கட்டத்தில் 25565. 'ஆல் லோக்கல் போர்ட்ஸ்' பக்கமே போகாதீர்கள்.
3. 'அலோ தி கனெக்‌ஷன்'.
4. டொமைன் (அலுவலக நெட்வொர்க்), பிரைவேட் (வீடு போல நம்பகமானது), பப்ளிக் (பொது இடம்) மூன்றிலும் டிக் விழுந்திருக்கும். பிரைவேட்டில் மட்டும் டிக்கை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எடுத்துவிடுங்கள். பப்ளிக்கை விட்டுவைத்தால், வெளியிடத்து வைஃபையில் இணையும்போதும் இந்த வழி திறந்தே கிடக்கும்.
5. பெயர். 'டெஸ்ட்' என்று வைத்தால் ஆறு மாதம் கழித்து நீங்களே விழிப்பீர்கள். 'மைன்கிராஃப்ட் 25565 வீட்டுக்குள்' போல, காரணம் தெரியும்படி வையுங்கள்.

இன்னும் இறுக்கலாம். ரூலை இரட்டைக் கிளிக் செய்து 'ஸ்கோப்' பகுதியில், 'ரிமோட் ஐபி அட்ரஸ்' என்பதன் கீழ் 'லோக்கல் சப்நெட்' சேர்த்துவிட்டால், உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் உள்ள கருவிகள் மட்டுமே நுழைய முடியும்.

இவ்வளவும் செய்து இணையவில்லையா? செட்டிங்ஸில் உங்கள் வைஃபையின் பண்புகளைத் திறந்து பாருங்கள். அங்கே 'பப்ளிக் நெட்வொர்க்' என்று இருந்தால், நாம் பிரைவேட்டுக்குப் போட்ட ரூல் எட்டிக்கூடப் பார்க்காது. வீட்டு வைஃபை என்றால் 'பிரைவேட்' ஆக்குங்கள். வேறு ஊரிலிருக்கும் நண்பர் சேர வேண்டுமென்றால் ரவுட்டரிலும் வழி திறக்க வேண்டும், லோக்கல் சப்நெட் கட்டுப்பாட்டையும் தளர்த்த வேண்டும். அது தனிக் கதை.

ஒரு புரோகிராமை இணையத்துக்குப் போகவிடாமல் தடுக்க

இதற்கு அவுட்பவுண்ட் ரூல்ஸ். நியூ ரூல், 'புரோகிராம்', அதன் இஎக்ஸ்இ ஃபைல், 'பிளாக் தி கனெக்‌ஷன்', பெயர், அவ்வளவுதான். ஆனால் ரூல் ஃபைலின் பாதையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அப்டேட் ஆகும்போது புரோகிராம் வேறு ஃபோல்டருக்கு மாறினால் தடை தானாகவே செத்துவிடும். சில மென்பொருள்கள் அப்டேட்டுக்குத் தனி இஎக்ஸ்இ வைத்திருக்கும்; அதையும் சேர்த்துத் தடுக்க வேண்டும். விண்டோஸின் சொந்தப் புரோகிராமான 'எஸ்விசிஹோஸ்ட்' (svchost.exe) மீது மட்டும் கை வைக்காதீர்கள். விண்டோஸ் அப்டேட் உட்படப் பல சேவைகள் அதன் வழியாகத்தான் போகின்றன.

எக்ஸ்போர்ட் எடுக்க மறந்து எல்லாம் சிக்கலாகிவிட்டால், அதே ஆக்‌ஷன் மெனுவில் 'ரீஸ்டோர் டிஃபால்ட் பாலிசி' இருக்கிறது. நீங்கள் போட்டவை மட்டுமல்ல, மற்ற மென்பொருள்கள் நிறுவும்போது சேர்த்த ரூல்களும் போய்விடும். அவை மறுபடி அனுமதி கேட்கும்போது பெட்டியில் என்ன இருக்கிறது என்று படித்துவிட்டு அழுத்துங்கள்.