உடைந்த பீங்கான் பூச்சாடியை ஒட்டும் முறை

பீங்கான் சாடி கைதவறி விழுந்து உடைந்தால் உடனே துடைப்பத்தை எடுக்காமல், கையுறை அணிந்து, அரிசி அளவே உள்ள சில்லுகள் உட்பட எல்லாத் துண்டுகளையும் ஒரு தாளில் சேகரியுங்கள்.

விளிம்புகளைச் சோப்பு நீரில் கழுவி ஓர் இரவு முழுவதும் உலரவிட வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் பசை சரியாகப் பிடிக்காது. பிறகு பசையின்றியே துண்டுகளைப் பொருத்திப் பார்த்து, ஒட்டும் வரிசையைப் பென்சிலால் எண்ணிடுங்கள். இந்த ஒத்திகையை ஒருமுறை தவிர்த்ததால், கடைசித் துண்டு நுழைய இடமின்றி, எனக்குப் பிரியமான சாடியில் ஓட்டை நிலைத்துவிட்டது. ஆகவே இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

இரண்டு குழாய்களில் வரும் எபாக்சி பசையே என் தேர்வு. உறையில் குறிப்பிட்ட விகிதத்தில், பெரும்பாலும் சம அளவில், இரண்டையும் குச்சியால் நன்கு கலந்து, ஒரு விளிம்பில் மட்டும் மெல்லிய கோடாகத் தடவி அழுத்துங்கள். 5 நிமிடத்தில் இறுகும் வகையானால், ஓர் இணைப்புக்குத் தேவையானதை மட்டும் கலக்க வேண்டும். இணைப்பின் குறுக்கே குச்சியின் முனையை ஓட்டும்போது அது எங்கும் தட்டாமல் வழுக்கிச் செல்ல வேண்டும். தட்டினால், பசை இறுகுவதற்குள் துண்டைச் சற்றே நகர்த்திச் சரிசெய்யுங்கள். பின்னர் டேப்பைக் குறுக்காக ஒட்டி, மணல் நிரப்பிய கிண்ணத்தில் சாடியை நிறுத்தி, 24 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். பிதுங்கிய பசையை, அது ரப்பர் போல் இருக்கும்போதே பிளேடால் சீவிவிடலாம்.

கோப்பை, தட்டு ஆகியவற்றையும் இப்படியே ஒட்டலாம் என்றாலும், அவற்றில் மீண்டும் உணவோ சூடான பானமோ வைக்காதீர்கள்.